கெண்டைக்கால் களிம்பு

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்று வீட்டில் ஒரு பேர் உண்டு. இருக்கட்டும். அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்தான் நான் மனுஷியே இல்லை.

தொழிற்சாலையின் மருத்துவ அறையில் சைக்கிள் சோதனை எடுப்பது என் வேலை. ஓடாத சைக்கிளில் ஆளை உட்கார வைத்து, கையில் பட்டை கட்டி, மிதிக்க மிதிக்க பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம். அன்று வந்தவன் என் கொழுந்தன். போன முறை பாதியிலேயே பிரஷர் எகிறிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, மறுபடி இப்படி ஏறினால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். மாத்திரையை அவன் தொட்டானா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த முறை ஐயா ஜம்மென்று மிதித்தார். பிரஷர் ஏறுவேனா என்றது.

"பாத்தீங்களா அண்ணி, சிங்கம்!"

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற சிங்கம். எனக்கு அப்போதே எங்கேயோ இடித்தது.

பெடல் பட்டை தளர்ந்திருந்தது. குனிந்து, அவன் கெண்டைக்காலைப் பிடித்துச் சரிசெய்தேன். வழுவழுவென்று இருந்தது. நிமிர்ந்து கண்ணோரம் விழுந்த முடியை ஒதுக்கினேன், அவ்வளவுதான், கண் பற்றி எரிந்தது. கண்ணில் மண்ணைத் தூவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவன் மிளகாயையே தூவிவிட்டான். மூட்டுவலிக்குத் தடவும் மிளகாய்க் களிம்பு. இரண்டு காலும் கன்றிச் சிவந்திருந்தன.

டாக்டர் இதைப் பற்றி முன்பே எச்சரித்திருக்கிறார். தசை களைத்ததும் அங்கே இருக்கும் நரம்புகள் ரத்தம் போதவில்லை என்று மூளைக்குக் கூவும். மூளை பிரஷரை ஏற்றும். சிலருக்கு இந்தக் களிம்பு அந்தக் கூவலை அமுக்கிவிடுமாம். நோய் அப்படியே இருக்கும், சோதனையில் மட்டும் தெரியாது.

"எறங்குடா கீழ! இந்தச் சோதனை செல்லாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்."

"அண்ணி, வயித்துல அடிக்காதீங்க. அண்ணன்தான் தடவிவிட்டாரு."

அண்ணன் என்றால் என் கணவர். கிரேன் கொக்கியில் சுமை மாட்டுவது அவர் வேலை. தம்பி மேலே உட்கார்ந்து இயக்க, இவர் நேர் கீழே நிற்பார். கதவைத் திறந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கிரேன் போச்சுன்னா அவன் என்னடி பண்ணுவான்?" என்றார்.

"மேல அவனுக்குத் தலை சுத்தினா நீங்க என்ன ஆவீங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. களிம்பு தடவினா பிரஷர் ஏறாதுன்னு வீடியோல நல்லாத்தான் சொன்னாங்க."

"வீடியோவாங்க கொக்கிக்குக் கீழ நிக்குது?"

"நீ வாய மூடிக்கிட்டா யாருக்கும் தெரியாது. கூடப் பொறந்தவன்டி அவன்."

"நீங்க எனக்கு யாரு?"

எரிகிற கண்ணைப் பொத்திக்கொண்டு நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். களிம்பு இல்லாமல் மறுபடி சோதித்தபோது, பிரஷர் ஏறிய வேகத்தைப் பார்த்து டாக்டரே சைக்கிளை நிறுத்தச் சொன்னார். கொழுந்தனைக் கிடங்கில் தரைவேலைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது மாத்திரையை என் கண்முன்னேதான் விழுங்குகிறான், முறைத்துக்கொண்டே.

என் கணவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

திருப்பிக்கொள்ளட்டும். திருப்பிக்கொள்ள முகம் இருக்கிறதே.