ஏழாம் ஷெட்டில் அஞ்சாவது ஆள்

பட்டாசு கம்பெனியில ஒரு ஷெட்டுக்கு நாலு பேருதான். அஞ்சாவது ஆள் கூடாது. தீ வந்தா ஓட வழி வேணும்ல. அதுக்குத்தான் நான் ஆப் எழுதிக் குடுத்தேன். போர்மேன் சோலைச்சாமி வாசல்ல நின்னு, தன் போன்ல ஒவ்வொருத்தர் கார்டையும் ஸ்கேன் பண்ணி ஷெட்டுக்கு அனுப்பணும். அஞ்சாவது கார்டை ஆப் வாங்காது.

சனிக்கிழம சாயங்காலம் எங்கம்மா முருகம்மாள் கம்பெனி வேன்ல இருந்து எறங்கி வந்து, சேவு தின்னுக்கிட்டே சொல்றா, ஏழாம் ஷெட்டுல இன்னைக்கு என்னையும் சேத்து அஞ்சு பேரு, வேலை வெரசா முடிஞ்சிருச்சுன்னு. அஞ்சாவது ஆளை ஆப் எப்பிடி விட்டுச்சு? லேப்டாப்பைத் தொறந்து ஆப்புல ஏறுன பட்டியலப் பாத்தேன். ஏழாம் ஷெட்டுல நாலு பேருதான் இருந்துச்சு. எங்கம்மா பேரு எங்கயுமே இல்ல.

சோலைச்சாமிக்குப் போன் போட்டா, மனுசன் கூச்சமே இல்லாமச் சொல்றாரு. தெரிஞ்ச செல்போன் கடையில குடுத்து என் ஆப்பைப் பிரிச்சு, அஞ்சாவது ஆளைத் தடுக்கிற பூட்டைப் புடுங்கிட்டுத் திரும்பக் கட்டி வாங்கிட்டாராம். அஞ்சாவது ஆளுக்கும் உள்ள போகலாம்னு போன்ல பச்சை விழும், பேரு மட்டும் ஏறாது. கூலிய கையில குடுத்துருவாராம். தீவாளி சீசன், லோடு அனுப்பணுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துல பாதி எம் மேலதான். பூட்டு போட்டவ, ஒடைச்சா தெரியிற மாதிரி போட வேண்டாமா?

ஞாயித்துக்கெழம பூரா எடத்தை விட்டு எந்திரிக்கல. ஆப்பைப் பிரிச்சுக் கட்டுனா நான் எழுதுனதுன்னு காட்டுற என் முத்திரை அதுல இருந்து போயிரும், வேற முத்திரைதான் விழும். இனிமே என் முத்திரை இருந்தாத்தான் காலையில ஆள் பட்டியல் சர்வர்ல இருந்து போன்ல எறங்கும், அது எறங்காம ஒரு கார்டும் ஏறாதுன்னு எழுதி வச்சேன்.

திங்கக்கெழம காலையில ஏழு மணிக்கு சோலைச்சாமி கூப்பிட்டாரு. வாசல்ல அறுவது பேரு நிக்கிறாக, ஒரு கார்டும் ஏறல, இன்னைக்கு மட்டும் தொறந்து விடு மாரிசெல்வின்னு கெஞ்சுனாரு. நல்ல ஆப்பை ஏத்துங்க அண்ணாச்சி, அஞ்சு நிமிசம்தான்னேன். மொதலாளிகிட்ட சொல்லி ஒன்னையவே மாத்திருவேன்னாரு. தாராளமா மாத்துங்கன்னேன். போனை எங்கம்மா கையில குடுத்துட்டாரு.

அம்மா பிடிச்சுக்கிட்டா, அம்புட்டுப் பேரு பொழப்புலயும் மண்ணள்ளிப் போடுறியேன்னு. எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு.

"எம்மா, சனிக்கெழம நீ கம்பெனிக்கே வரலைன்னு பட்டியல்ல இருக்கு. அந்த ஷெட்டு வெடிச்சிருந்தா நாலு பேரைத்தான் தேடியிருப்பாக."

அங்கிட்டு அம்மா சோலைச்சாமிகிட்ட பேசுறது கேட்டுச்சு.

"அண்ணாச்சி, எம் பேரு ஏறாம நான் உள்ள போக மாட்டேன்."

பின்னாடியே இன்னும் ரெண்டு மூணு பொம்பளைக, நாங்களும்தான்னு சொன்னாக.

எட்டு மணிக்கு என் ஆப் திரும்ப ஏறிருச்சு. பட்டியலப் பாத்தேன். ஏழாம் ஷெட்டுல நாலு பேரு. பதினொன்னாம் ஷெட்டுல, மூணாவது பேரு, முருகம்மாள்.