சின்னவள் வளர்த்த தண்ணீர்

தன் வீட்டுச் சமையலறைக்குப் புதுத் தளம் போடுகிறார்கள் என்று பத்து நாள் தங்க வந்த அக்காவிடம் சின்னவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். "அக்கா, இந்த வீட்ல நீ எதை வேணும்னாலும் கழுவு. அந்த மீன் தொட்டியை மட்டும் தொடாத."

"மீனே இல்லாத தொட்டி. அதுல தொட என்னடி இருக்கு?" என்று சிரித்தாள் பெரியவள்.

பெரியவளுக்குக் கை சும்மா இருந்தால் காய்ச்சல் வந்துவிடும். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே துடைப்பம் எங்கே என்று கேட்பாள். ஊரெல்லாம் அதைப் புகழும். சின்னவள் மட்டும் நாற்பத்து மூன்று வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்து வந்திருக்கிறாள்.

தொட்டியின் கதை போன வருடம் ஆரம்பித்தது. அதை வாங்கிய அன்றே பன்னிரண்டு மீன்களையும் வாங்கி வந்து விட்டாள். ஒரே வாரத்தில் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. மூலைக்கடை மீன்காரரிடம் சண்டைக்குப் போனபோதுதான் அந்த மனிதர் விஷயத்தைச் சொன்னார். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு கிருமி வேண்டும். அந்த நைட்ரைட்டும் விஷம்தான், அதைத் தின்ன இன்னொரு கிருமி வேண்டும். இரண்டும் தொட்டியில் இருக்கும் வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேற ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை ஒரு மீனையும் உள்ளே விடக் கூடாது.

"இதை விக்கும்போதே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா யாரும்மா வாங்குவாங்க?" என்றார் அவர், கூச்சமே இல்லாமல்.

இந்த முறை சின்னவள் அவசரப்படவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவள் அவள். மயிரிழை கூடினால் சட்டத்தில் உட்காராது, குறைந்தால் உதிர்ந்துவிடும். பொறுமை அவளுக்குத் தொழில். காலி தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுக விட்டாள். மாலையில் வேலை முடிந்து வந்ததும் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்த்துக் காலண்டரில் எழுதினாள். முதலில் அம்மோனியா ஏறியது, பிறகு இறங்கியது. பிறகு நைட்ரைட் ஏறி, குழாய் இரண்டு வாரமாகக் கத்தரிப்பூ நிறத்திலேயே நின்றது.

"என் பொண்டாட்டி தண்ணி வளக்கிறா. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல சேக்கணும்" என்று அவள் கணவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர் தப்புக்குப் பிரேக் போட்டுக் களைத்தவன் என்பதால் அவனைச் சும்மா விட்டாள்.

வியாழக்கிழமை மாலை, முப்பத்து நான்காம் நாள், குழாய் முதல் முறையாக வெளிர் நீலத்தில் நின்றது. நைட்ரைட் இல்லை. சின்னவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு நிமிடம் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள் இப்படியே நின்றால் ஞாயிற்றுக்கிழமை மீன் விடலாம். மீன்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கதவைத் திறந்ததுமே பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் அறைந்தது.

தொட்டி பளபளத்தது. கூழாங்கற்கள் புதிதாக வாங்கியவை போல வெளுத்திருந்தன. வடிகட்டிக்குள் பழுப்பேறிக் கிடந்த பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீரில் எட்டு ஆரஞ்சு மீன்கள். எட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"எப்படி இருக்கு?" என்றாள் பெரியவள், முந்தானையில் கை துடைத்தபடி. "வழவழன்னு அத்தனை அழுக்கு. பஞ்சைப் பிழிஞ்சா சாக்கடைத் தண்ணி மாதிரி வருது. அதான் ஊற வச்சு, நாலு தடவை அலசி, குழாயைத் திறந்து புதுத் தண்ணி பிடிச்சுட்டேன். மீனுக்காக ஏங்கிட்டு இருக்கியேன்னு அதையும் நானே வாங்கிட்டு வந்துட்டேன்."

சின்னவளுக்குக் கோபப்பட அப்போது நேரமில்லை. குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போகட்டும் என்று பின்பக்கம் மூடி வைத்திருந்த இரண்டு வாளிகளைத் தேடி ஓடினாள். வாளிகள் கவிழ்ந்து கிடந்தன.

"அந்தத் தண்ணியா? ரெண்டு நாளா சும்மா கிடந்துச்சே. அதுலதான் குளியலறையைக் கழுவினேன்."

கணவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். "அக்கா சுத்தம்தானே பண்றாங்கன்னு நினைச்சேன்…"

"நீங்க பேசாதீங்க! பாத்துட்டு உக்காந்திருந்தீங்கல்ல, உக்காருங்க!"

மீன்களை வலையால் அள்ளிப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மூலைக்கடைக்கு ஓடினாள். மீன்காரர் பையைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டு மீன்களைத் தன் தொட்டி ஒன்றில் விட்டார். ஆறு நீந்தின. இரண்டு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன.

"நேத்துதானே சொன்னேன், ஞாயித்துக்கிழமைன்னு! ஏன் குடுத்தீங்க?"

"உங்க அக்கான்னு சொன்னாங்க. தண்ணியெல்லாம் தயார்னு அவ்வளவு உறுதியாச் சொன்னாங்கம்மா."

உறுதி. அதுதான் பெரியவளிடம் வண்டி வண்டியாக இருக்கிறதே. மீன்காரர் தன் தொட்டியிலிருந்து பழுப்பேறிய பஞ்சு ஒரு துண்டை வெட்டி ஈரத்தோடு கொடுத்தார். "இதைப் போடுங்க. இதுல அந்தக் கிருமி இருக்கு, முன்ன ஆனதுல பாதி நாள்லயே தண்ணி தயாராயிடும்." சின்னவள் நன்றிகூடச் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்தபோது பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அப்படி என்னத்தைக் கொன்னுட்டேன் நான்? அதுல ஒண்ணுமே இல்லையே!"

"இருந்துச்சு. மீனைக் காப்பாத்துற கிருமி. முப்பத்தஞ்சு நாளா வளத்தேன். உன் கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா?"

"கிருமியை யாராவது வளப்பாங்களாடி? நல்லது செஞ்சதுக்கு இதுவா பேச்சு? ஒரு தண்ணித் தொட்டிக்காகவா கூடப் பிறந்தவளை நிக்க வச்சுக் கேக்கிற?"

"தொட்டிக்காக இல்ல!" சின்னவளின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அம்மா போர்வையை என்ன பண்ணின?"

ஏழு வருடம் முன்பு அம்மா இறந்தபோது சின்னவள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். வழியிலிருந்தே அக்காவிடம் போனில் கெஞ்சினாள், நான் வரும்வரை அம்மாவின் போர்வையை அப்படியே வை என்று. வந்து பார்த்தால் போர்வை துவைத்து, தேய்த்து, மடித்து, சோப்பு மணத்தோடு அலமாரியில் இருந்தது. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கேட்டேனா இல்லையா? அப்படியே வைன்னு சொன்னேனா இல்லையா? அதுல அம்மா வாசனை இருந்துச்சுக்கா. அதையும் கழுவிட்ட. கழுவிட்டு, எல்லாரும் வந்து என்ன சுத்தமா வச்சிருக்கான்னு சொன்னப்ப சிரிச்சிட்டு நின்ன!"

பெரியவள் மெதுவாக உட்கார்ந்தாள். "அதுல அம்மா ரத்தமா வாந்தி எடுத்திருந்தாடி. நீ அதைப் பாக்க வேண்டாம்னுதான்…"

இதைச் சின்னவள் இதுவரை அறிந்ததில்லை. ஆனாலும் கோபம் இறங்கவில்லை, இன்னும் ஒரு படி ஏறியது.

"அதையாவது சொல்லியிருக்கலாம்ல? நான் பாக்கணுமா வேண்டாமான்னு நீ எப்படி முடிவு பண்ணுவ? எனக்கும் அவ அம்மாதானே?"

பெரியவள் எழுந்து பின்பக்கம் போய், கவிழ்ந்து கிடந்த வாளிகளை நிமிர்த்தி வைத்தாள்.

அடுத்த நான்கு நாள் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பெரியவள் எதைத் தொடும் முன்பும் சின்னவளின் கணவனைப் பார்த்து, "மாப்பிள்ளை, இந்த டம்ளரைக் கழுவலாமா? இல்ல இதுலயும் ஏதாவது வளருதா?" என்று கேட்டாள். சின்னவள் காதில் விழாதது போல வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஐந்தாம் நாள், தன் வீட்டில் தளம் காய்வதற்கு முன்பே பெரியவள் கிளம்பினாள். வாசலில், "வரேன்" என்றாள். சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

தண்ணீர் தயாராக இந்த முறை மூன்று வாரம் ஆனது. மீன்காரர் அந்த ஆறு மீன்களையும் வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருந்தார். அவை வந்து ஒரு வாரம் கழித்துப் பெரியவளிடமிருந்து போன் வந்தது.

"மீன் விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"அடுத்த மாசம் ரெண்டு நாள் வரலாம்னு பாக்கிறேன். எதையும் தொட மாட்டேன்."

"சொல்லிட்டு வா. தொடணும்னா கேட்டுட்டுத் தொடு." சின்னவளின் குரலில் சூடு அப்படியே இருந்தது. ஆனால் போனை அவள் முதலில் வைக்கவில்லை.

"சரி, கேக்கிறேன்" என்றாள் பெரியவள். அந்த வார்த்தை அவள் வாய்க்குப் புதிது. கல்லை மென்றது போலத்தான் வந்தது.