கொடுக்கப்பட வேண்டிய பால்

என் வகுப்பில் கைடு வாக்கியம் செல்லாது. வேடனால் கொல்லப்பட்ட சிங்கம், ராஜாவால் கட்டப்பட்ட கோட்டை என்று யாராவது ஆரம்பித்தால் சாக்பீஸ் பறக்கும். உன் வீட்டில் இருப்பதைச் சொல், உன் தெருவில் நடப்பதைச் சொல், பொய்யென்றாலும் உன் சொந்தப் பொய்யாக இருக்கட்டும் என்பேன். செவிலிமேட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில், தகரக் கூரை போட்ட ஹாலில், பேங்க் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். லில்லி மிஸ் என்றால் பஸ் ஸ்டாப்பிலேயே வழி சொல்வார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஜீவிதா பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண். அப்பா பரசுராமனுக்கு நிலமும் போர்வெல்லும் கட்சியில் ஒரு பதவியும் உண்டு. பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டார். அண்ணன் அருள் பைக்கில் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை காவலுக்கு இருந்து, கூட்டிப்போக வேண்டும். அவன் வாசலில் நின்றால் மற்றப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்று நான்தான் அவனைப் பின் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஆறு மாதமாக பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. ப்ளஸ் டூவில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் என்று ஜீவிதா சொல்லியிருந்தாள், அதனால் நானும் அவனை ஒன்றும் கேட்டதில்லை.

காவல் போட்டு என்ன பயன்? ஜீவிதாவுக்கும் கமலுக்கும் பழக்கமாகிவிட்டது. கமல் எங்கள் காலனிப் பையன், ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஆரம்பத்தில் சில வாரம் இதே வகுப்பில் அவளுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அப்புறம் எல்லாம் போனில்தான். விஷயம் அவள் வீட்டுக்குத் தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பாலாற்று மணலில் கமலைச் சவுக்குக் கட்டையால் அடித்துப் போட்டிருந்தார்கள். இரண்டு கையும் உடைந்துவிட்டது. “கமலு அடிபட்டுட்டான் மிஸ்” என்று அவன் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் அழுதாள். யார் அடித்தது என்று கேட்டேன். சுற்றி நின்ற காலனிக்காரர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் ஜீவிதா வகுப்புக்கு வந்ததே எனக்கு ஆச்சரியம். கன்னத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்தி அதை மறைத்திருந்தாள். பின்னால் வழக்கம்போல் அருள். அவன் வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவனை மாடியிலிருந்து தள்ளிவிடலாமா என்று இருந்தது. பாடத்தை ஆரம்பித்தேன்.

அன்றைய பாடம், செய்யப்பட வேண்டியதையும் செய்யப்படக் கூடியதையும் ஒரு பெயரோடு கோர்த்துச் சொல்வது. தமிழில் ‘நெய்யப்பட வேண்டிய சேலை’ என்றால் சேலை கடைசியில் வரும். இங்கிலீஷில் சேலை முதலிலேயே வந்து நின்றுவிடும். பிறகுதான் விச், அதன் பின்னால் மஸ்ட் பி, அதன் பின்னால் வினை. ஆளாக இருந்தால் விச்சுக்குப் பதில் ஹூ. மஸ்ட்டை எடுத்துவிட்டு கேன், ஷுட், மே எதை வைத்தாலும் அந்த பி அசையாது. செய்கிறவன் யாரென்று சொல்ல வேண்டுமென்றால் கடைசியில் பை போட்டுச் சொல்லலாம். சொல்லாமல் விட்டாலும் தப்பில்லை. முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள் என்று சொல்லும்போது என்னையறியாமல் பின் பெஞ்சைப் பார்த்தேன்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து இங்கிலீஷில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தறியிலிருந்து அறுக்கப்பட வேண்டிய சேலைக்கு இன்னும் முந்தி நெய்யவில்லை என்றாள் சிம்ரன். பட்டுக் கடையில் வேலை செய்யும் ஜெயக்குமார், நம்பப்படக் கூடாத ஆள் ஒருவர் எங்கள் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது ஜீவிதா.

எழுந்து நின்று, என் முகத்தை நேராகப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள். இன்றைக்குக் கலக்கப்பட வேண்டிய பூச்சிமருந்து எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது.

வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. பழக்கதோஷத்தில், எதில் கலக்கப்பட வேண்டியது என்று நானும் இங்கிலீஷில் கேட்டேன்.

எனக்குக் கொடுக்கப்பட வேண்டிய பாலில், என்றாள்.

இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முழுதாகச் சாத்தப்பட முடியாத கதவு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, அதற்குப் பின்னால் பேசியது கேட்டது என்றாள். குரல் நடுங்கவில்லை. விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் நகமெல்லாம் வெளுத்திருந்தது. அவள் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அண்ணன் எதிரிலேயே, அவனுக்குப் புரியாத பாஷையில் அவள் உயிர்ப்பிச்சை கேட்கக்கூடிய ஒரே இடம் என் வகுப்பு என்பது அப்போதுதான் உறைத்தது.

“வெரி குட், உக்காரு” என்றேன். போர்டுப் பக்கம் திரும்பி இங்கிலீஷில் எழுதினேன். காப்பாற்றப்பட வேண்டிய பெண் பின்பக்கப் படிக்கட்டுக்கு அருகில் வந்து உட்கார வேண்டும். அவள் அழைத்துச் செல்லப்படக் கூடிய ஸ்கூட்டர் சிம்ரனுடையது. உடனே கூப்பிடப்பட வேண்டிய ஆட்கள் போலீஸ். “எல்லாரும் காப்பி பண்ணிக்கங்க” என்று தமிழில் சேர்த்தேன். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. சிம்ரன் சத்தமில்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு இடம் மாறினாள். ஜெயக்குமார் போனை மடியில் வைத்து அழுத்தினான்.

பின்னால் பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டது. அருள் எழுந்தான். நடந்துபோய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

“மிஸ், நானும் ஒரு சென்டென்ஸ் சொல்றேன்” என்றான்.

அவன் போர்டைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக வைத்தான். “தி மில்க் விச் மஸ்ட் பி கிவன் டு மை சிஸ்டர்… மஸ்ட் பி கிவன் பை மீ.”

ஜீவிதாவின் வாய் திறந்தபடியே இருந்தது. ஆறு மாதம் காவலுக்கு உட்கார வைத்த காது, செவிட்டுக் காது என்று அவள் அப்பாவும் நினைத்தார், அவளும் நினைத்தாள், பாடம் நடத்திய நானும் நினைத்தேன்.

“தெனைக்கும் உக்காந்துக்கினு இருக்கேன், காதுல வுழாதா மிஸ்?” என்றான். “நான் குடுத்தா அவ கேக்காம குடிச்சிடுவானு எங்கப்பா சொன்னாரு. ஒன்னும் நடக்காத மாதிரி இருக்கணும்னுதான் இன்னிக்கு கிளாசுக்கே அனுப்புனாரு. நாளைக்கு ஊர்ல, பொண்ணு மனசு ஒடைஞ்சி மருந்த குடிச்சிட்டானு சொல்லிக்கலாம்.”

“நீ குடுத்திருப்பியா?” என்றேன்.

“இங்க வர்ற வரைக்கும் குடுக்கறதாதான் இருந்தேன். இவ வாயால கேட்டப்பறம் முடியல.”

ஜீவிதா அவனிடம் போனாள். “கமல் கைய ஒடைச்சது யாரு?”

“நான்தான். கூட மாமாவும் ரெண்டு பசங்களும்.”

ஓங்கி அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அவன் தடுக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, துடைக்கவும் இல்லை. “நம்மள கூட்டிக்கினு போக கீழ அப்பாவும் மாமாவும் கார்ல வந்து நின்னுக்கினு இருக்காங்க” என்றான். “அடிக்கறத அப்பறம் அடி. போய்டு.”

கீழேயிருந்து ஹாரன் அடித்தது. சிம்ரன் ஜீவிதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்க இரும்புப் படியில் இறங்கினாள். அருளின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு முன்படியில் செருப்புச் சத்தம், பிறகு கதவில் இடி. “டேய் அருளு, தொறடா” என்றது பரசுராமனின் குரல். அருள் தன் தோளைக் கதவில் கொடுத்து நின்றான். பிளைவுட் கதவு எத்தனை நேரம் தாங்கும்? மூன்றாவது உதையில் நடுவில் பிளந்தது. அதோடு அவனும் தரையில் விழுந்தான்.

பரசுராமன் வெள்ளை வேட்டியும் கட்சித் துண்டுமாக உள்ளே வந்தார். பின்னால் அவர் மச்சான் ராஜகோபால், கையில் கார் ஜாக்கி ராடு. மகள் இல்லாததைப் பார்த்த ஒரே பார்வையில் பரசுராமனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மச்சானின் கையிலிருந்து ராடைப் பிடுங்கினார்.

“எங்கடா அவ?”

“தெரியாதுப்பா.”

முதல் அடி முழங்காலில் விழுந்தது. இரண்டாவது, தலையை மறைக்கத் தூக்கிய கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வேறெந்தச் சத்தத்தோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. “எங்கடா, எங்கடா” என்று கேட்டுக்கேட்டு அடித்தார். பெற்ற பிள்ளை என்கிற நினைப்பே அவருக்கு இல்லை. அருள் அலறினான், உருண்டான், பெஞ்சுக்கடியில் புகப் பார்த்தான். ஆனால் பின்படி இருந்த திசைக்குத் திரும்பக்கூட இல்லை.

ராஜகோபால் என் முடியைக் கொத்தாகப் பிடித்தார். “காலனிக்காரிகிட்ட படிக்க அனுப்புனோம் பாரு, எங்களச் சொல்லணும்” என்று என் முகத்தைப் போர்டில் மோதினார். உதடு கிழிந்தது. நான் எழுதியிருந்த வாக்கியத்தின் மேலேயே என் ரத்தம் ஈஷியது. கைக்குக் கிடைத்த ஸ்டூலைத் தூக்கி அவர் மண்டையில் போட்டேன். விழுந்தார். விழுந்தவரின் முதுகில் மறுபடியும் போட்டேன். இன்றைக்குவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

ஜெயக்குமாரும் மற்றப் பையன்களும் பின்னாலிருந்து பாய்ந்து பரசுராமனைக் கட்டிப் பிடித்தார்கள். ராடைப் பிடுங்க நான்கு பேர் தேவைப்பட்டது. போலீஸ் வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து, கலைந்த வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். “குடும்ப விசயம்” என்றார். “பையன் படில உருண்டு அடிபட்டுட்டான்.”

தரையில் கிடந்த அருள் கண்ணைத் திறந்தான். “எங்கப்பா அடிச்சாரு” என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு, “கமல அடிச்சது நானு. எழுதிக்கங்க” என்றான். அப்புறம் நினைவு தப்பியது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்த வார்டில்தான் கமலும் இருந்தான். யாரும் திட்டமிடவில்லை, எலும்பு முறிவுக்கு ஆண்கள் வார்டு அது ஒன்றுதான். அருளின் ஒரு கையும் காலும் மாவுக்கட்டில், இன்னொரு கையில் டிரிப்ஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு போலீஸ்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா காந்தா வந்து பார்க்கவில்லை. வந்தால் புருஷன் பக்கமா பிள்ளை பக்கமா என்று ஊர் கேட்கும்.

என் வீட்டில் இருந்த ஜீவிதா, இரண்டு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள். பிளாஸ்க்கில் பால் காய்ச்சி எடுத்துக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போனபோது, “நானே பாத்துக்கறேன் மிஸ்” என்று என்னை அனுப்பிவிட்டாள்.

முதலில் கமலிடம் போனாள். அவனுக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. தலையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். பிறகு தம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சப் பாலை ஊற்றி, ஸ்பூனால் கலக்கினாள். ரொம்ப நேரம் கலக்கினாள். கலக்கிக்கொண்டே அருளின் கட்டிலுக்கு வந்தாள்.

அவன் தம்ளரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், ஆனாலும் பயம் வந்தது. போலீஸ்காரர் பேப்பரைத் திருப்பினார்.

“குடி” என்றாள்.

“ஜீவி” என்றான். அவள் தம்ளரை அவன் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க அவனுக்குக் கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். அவள் சாய்த்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

காலித் தம்ளரை அவள் கீழே வைத்தாள்.

“நீ குடுத்திருந்தா நானும் இப்பிடித்தாண்ணா குடிச்சிருப்பேன்” என்றாள். “ஆனா கண்ண மூடியிருக்க மாட்டேன்.”

தம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.