நாலாவது கோப்பைக்குப் பூஜ்யம்

பத்தொன்பது வருடமாகத் தண்ணீரை ருசி பார்ப்பது வல்மே ஷிர்மரின் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மர்ரே ஆற்றில் பிப்ரவரிக் கோடையில் பாசி பூத்தால் தண்ணீரில் மண்வாசனை ஏறிவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஊரே போன் போட்டுத் திட்டும். அதற்காகத்தான் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிகளில் ஆளுயரத்துக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்டிருக்கிறார்கள். கரி எதையும் தின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு துணுக்குக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வாசனை அந்தப் பொந்துகளின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். சுவரில் இடம் தீர்ந்துவிட்டால், அடுத்து வருவது நேரே வீட்டுக் குழாய்க்குப் போகும்.

இடம் தீர்ந்ததை நகரத்துக் கருவி சொல்ல இரண்டு நாள் ஆகும். வல்மேயின் மூக்கு இரண்டு நொடியில் சொல்லிவிடும். அந்தப் பெருமையில்தான் போன குளிர்காலத்துக் காய்ச்சல் மண்ணைப் போட்டது. அதற்குப் பிறகு இரண்டு முறை தவறவிட்டாள். இன்னொரு முறை தவறினால் ருசி பார்க்கும் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"காப்பி குடிச்சியா?" என்றான் கோஸ்டா. ஆய்வுக்கூடம் அவன் பொறுப்பு.

"குடிக்கல. குடிச்சிருந்தா உன் மூஞ்சியப் பாத்து சிரிச்சிருப்பேனே."

ருசி பார்க்கும் நாளில் காப்பி மட்டுமல்ல, உதட்டுச்சாயமும் வாசனைச் சோப்பும்கூடக் கூடாது. அவளும் குழுவில் மற்ற இருவரான ரெக்சும் டோரீனும் ஆளுக்கொரு தடுப்புக்குள் உட்கார்ந்தார்கள். எதிரே வெதுவெதுப்பாக ஐந்து கோப்பைகள். முகர்ந்து, கொப்பளித்து, துப்பி, எண் எழுத வேண்டும். குறையில்லை என்றால் பூஜ்யம்; குறை கூடக் கூட எண்ணும் கூடும்.

இரண்டாவதில் குளோரின் தெரிந்தது, இரண்டு என்று எழுதினாள். நாலாவதில் ஒன்றுமே இல்லை. நல்ல தண்ணீர். ஏனோ அம்மாவின் சமையலறை நினைவுக்கு வந்தது. ஜன்னலோரம் அம்மா பீன்ஸ் அலசுகிறாள். சேற்றுப் பூட்சோடு உள்ளே வந்த அப்பா திட்டு வாங்குகிறார். தம்பி மெர்வ் குழாயிலேயே வாயை வைத்துக் குடிக்கிறான். அந்தக் காலத்தில் கரியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆறு அப்படியே வீட்டுக்குள் வரும். இந்த வயதிலும் அம்மா வேண்டும் போலிருந்தது. வேலை நேரத்தில் இதென்ன என்று தன்னையே கடிந்துகொண்டு, பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கோஸ்டா தாள்களைப் புரட்டினான். "நாலாவது, ரெண்டாம் தொட்டித் தண்ணி. கரியில இடம் தீர்ந்து போச்சு. ரெக்ஸ் எட்டு, டோரீன் எட்டு…" அவன் நிமிரவில்லை. "வல்மே, பூஜ்யம்."

ரெக்ஸ் கூரையைப் பார்த்தான். வல்மே நாலாவது கோப்பையை மறுபடி எடுத்து முகர்ந்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"மூக்கு போகல கோஸ்டா. இதுக்குள்ள எங்கம்மாவையே பாத்துட்டு வந்தேன்."

"அப்புறம் ஏன் பூஜ்யம் போட்ட?"

"எங்க வீட்ல தண்ணின்னாலே இப்பிடித்தான். இதுல குறைன்னு எதை எழுதுறது?"

கோஸ்டா தாளைத் தடவிக்கொண்டே நின்றான். "கையெழுத்துப் போட்டாச்சே, திருத்த முடியாது. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

"திருத்தாத. அடுத்த வாரம் வந்தாலும் இதுக்கு நான் பூஜ்யம்தான் போடுவேன். என்னை எடுத்துரு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. "இந்தத் தண்ணி ஜாடியில மிச்சம் இருக்கா?"

"ரெண்டு லிட்டர் இருக்கும். திங்கக்கிழமை புதுக் கரி கொட்டிருவாங்க, அப்புறம் இந்த வாசனை வராது. உனக்கா?"

"மெர்வுக்கு. அடிலெய்ட்ல இருக்கான். எங்க வீட்டுத் தண்ணி தெரிஞ்சவங்க இப்ப நாங்க ரெண்டே பேர்தான்."