நாற்பத்தெட்டு கிலோமீட்டர்

பரசுராமன் காரை விட்டு இறங்கி, கதவை அறைந்து சாத்தினார். லோகுவின் ஒர்க்‌ஷாப் வாசலில், சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றும் வண்டிக்காரர்கள் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழவேண்டும் என்பதற்காகவே அவர் குரலை ஏற்றினார்.

"போன வாரம் கிளச்சு மாத்தத்தான உன்கிட்ட வண்டிய உட்டேன்? அடியில கீற ஆக்சிஜன் சென்சார உருவிக்கினு டூப்ளிகேட்ட சொருவி அனுப்பிகீற. இப்போ இஞ்சின் லைட்டு எரியிது. திருட்டுப் பயலே."

லோகு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "யாரு சார் சொன்னது?"

"எங்க மச்சான் குனிஞ்சி பாத்துட்டு சொன்னாரு. இன்னாடா சாரு? உங்க ஆத்தா ஞானம்மா எங்க களத்துல நிக்கசொல்ல ஆண்டேன்னு கூப்புடுவா. அவ மடியில நெல்ல முடிஞ்சிக்கினு போனா. நீ சென்சார முடிஞ்சிக்கினியா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை இறக்கினார்கள். லோகுவுக்கு முகம் சுட்டது. சாவியை மேஜையில் வீசிவிட்டு டியூட்டிக்குப் போகிறவர்களை நம்பித்தான் அவன் பிழைப்பு. திருடன் என்கிற சொல் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் போதும், அந்த மேஜையில் அப்புறம் சாவி விழாது. மூவரில் மூத்தவரான மோசஸின் சாவி இப்போதும் அங்கேதான் கிடந்தது. மோசஸ் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டதை லோகு கவனித்தான்.

"வண்டிய குழி மேல உடுங்க சார். பாத்துட்டுப் பேசலாம்."

"பாரு, பாரு. நீயே வச்சத நீயே பாரு."

லோகு லைட்டை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷம் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவன் அவன். அங்கே ஒவ்வொரு நட்டையும் முறுக்கியபின் அதன்மேல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு யாராவது நட்டைத் திருப்பினால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனியை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. சைலன்சர் குழாயின் நட்டுகளில் அவன் கோடுகள் அப்படியே இருந்தன. சென்சாரில் கோடே இல்லை. அது அவன் மாட்டியதில்லை. ஒயரை வெட்டி, டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வேறொன்று. அந்த டேப் குழாயின் சூட்டில் உருகி, ஒயர் வெளியே தெரிந்தது.

ஒயர் ஏன் குழாய்மேல் தொங்கியது என்று லைட்டை மேலே திருப்பினான். பாடியில் ஒரு துளை காலியாக இருந்தது. ஒயரைத் தூக்கிப் பிடிக்கும் கறுப்புக் கிளிப் அங்கே இருந்திருக்க வேண்டும். போன வாரம், கழற்றிய நட்டுகளைப் போட்டுவைக்கும் காந்தத் தட்டில் ஒரு கிளிப் மிச்சம் கிடந்தது. வேறு வண்டியுடையது என்று நினைத்துத் தள்ளி வைத்திருந்தான்.

மேலே வந்தான். கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினான். பின்பக்க சென்சாருக்குச் சூடேற்றும் கரண்ட் போகவில்லை என்று அதன் திரையில் வந்தது. அவன் அதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப் போனான்.

"மோசஸண்ணே, இங்க வாங்க. இந்த நம்பர சத்தமா படிங்க."

மோசஸ் கண்ணைச் சுருக்கினார். "கடைசியா அழிச்சப்புறம் ஓடுன தூரம். நாப்பத்தெட்டு."

லோகு ஜாப் கார்டை எடுத்து நீட்டினான். "வண்டிய குடுக்கசொல்ல நான் பழைய கோளாறு பதிவு எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் குடுத்தேன். அன்னிக்கி மீட்டர் அறுவத்தோராயிரத்து நானூத்தி எம்பது. உங்க கையெழுத்து கீது. இன்னிக்கி அறநூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. எரநூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர் ஆயிருக்கு. நான் அழிச்சதுக்கப்புறம் யாரும் கைய வைக்கலன்னா மிஷினு எரநூத்திப் பன்னெண்டு காட்டணும். நாப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு முன்னாடி யாரு சார் இத்த அழிச்சது? நேத்து வண்டி எங்க போச்சி?"

"பையன் திருவள்ளூரு கோர்ட்டுக்கு எடுத்துக்கினு..." என்றவர் நிறுத்திக்கொண்டார். போனை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார். "டேய் அன்பு" என்றது மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் பேசியதே அதிகம். "லைட்டு எரிஞ்சா எங்கிட்ட சொல்லாம கண்டவங்கிட்ட வண்டிய உட்டியா? நான் கத்துவன்னா?" என்று சீறிவிட்டு வந்தார்.

"இன்னா நைனா, பையன் இன்னா சொல்லுது?" என்றார் மோசஸ்.

"உன் வேலையப் பாரு."

இந்த இடத்தில் லோகு சும்மா இருந்திருக்கலாம். காந்தத் தட்டைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. அவன் போய் அந்தக் கிளிப்பை எடுத்து வந்து எல்லாருக்கும் தெரிய உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"இத்த மாட்ட மறந்தது நான். அதுனாலதான் ஒயரு தொங்கி உருகிச்சி, லைட்டு எரிஞ்சிது. உங்க பையன் மாத்துன சென்சாரும் அதே எடத்துல உருகிச்சி. அது என் தப்பு. திருடன்னு சொன்னது யாரு தப்பு?"

பரசுராமன் அதற்காகவே காத்திருந்தவர்போலப் பாய்ந்தார். "கேட்டுக்குங்கபா. அவன் வாயாலயே ஒத்துக்கினான். இவங்கிட்ட வண்டிய உடுங்க, நடுரோட்ல நிப்பீங்க."

லோகு மறுபடியும் குழிக்குள் இறங்கினான். ஒயரைச் சேர்த்து, சூடு தாங்கும் உறை போட்டு, கிளிப்பை மாட்டினான். எரிந்த பியூஸையும் மாற்றினான். மேலே வந்தபோது பரசுராமன் ஸ்கேனரைக் காட்டினார்.

"லைட்ட அழி. நான் போவணும்."

"அழிக்க மாட்டேன்."

"இன்னாடா?"

"அழிச்சா அந்த நாப்பத்தெட்டும் சேந்து போயிரும், சார். அப்புறம் நான் திருடன்தான். கோளாறு தீந்துச்சி. மூணு நாலு வாட்டி ஓட்டுங்க, லைட்டு தானா அணையும். அணஞ்சதும் வாங்க. இவங்க இருக்கிற நேரமா பாத்து வாங்க."

"திமுராடா உனக்கு?"

"மறதி இருந்திச்சி. திமுரு இப்பதான்."

வண்டி மஞ்சள் விளக்கோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மோசஸ் மேஜையிலிருந்த தன் சாவியை எடுத்தார்; விரலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார். லோகு காலி மேஜையைத் துணியால் துடைத்தான்.

ஐந்தாம் நாள் காலை, வண்டிக்காரர்கள் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்துக்குக் கார் வந்தது. லைட் அணைந்திருந்தது. பரசுராமன் ஒரு பிளாஸ்டிக் கவரை மேஜையில் போட்டார். உள்ளே பழைய சென்சார் இருந்தது. ஒயர் உருகியிருந்தது, கழுத்தில் லோகு இழுத்த மஞ்சள் கோட்டில் பாதி. லோகு ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான். நாற்பத்தெட்டு இருந்த இடத்தில் இருநூற்று ஆறு. மனுஷன் வேறெங்கும் கொண்டுபோய் அழிக்கவில்லை.

"போதுமா?" என்றார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி கீது, சார்."

பரசுராமன் ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி போய் முடியும்வரை காத்திருந்தார். "நீ எடுக்கல" என்றார் தாழ்ந்த குரலில்.

"அவங்களுக்குக் கேக்கல."

"நீ எடுக்கலடா" என்று கத்தினார். "கிளிப்ப மாட்டத் துப்பில்லாத நாயி. ஆனா எடுக்கல. கேட்டுச்சா எல்லாருக்கும்?"

"கேட்டுச்சி" என்றார் மோசஸ்.

கார் கிளம்பிப் போனதும் மோசஸ் அந்தத் திசையில் காறித் துப்பிவிட்டு, தன் வண்டிச் சாவியை மேஜையில் வீசினார். "பிரேக் கத்துதுபா. சாயந்தரம் வந்து எடுத்துக்கிறேன். கிளிப்ப எண்ணி மாட்டு."