இல்தாவின் வாயில் பிறந்த சொல்

வட இத்தாலியின் அஸ்திக்கோப் பள்ளத்தாக்கு அந்தியிருளில் மூழ்கிய பின்னும், அதன் தலைமேல் பாறை விளிம்பைப் பற்றிநிற்கும் லுசேர்ன் என்னும் சிற்றூரின் கூரைகளில் கதிரவனின் கடைசிப் பொன் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிருக்குமுன் இலையுதிர்க்கும் ஊசியிலை மரங்கள் மஞ்சள் பூத்து, மகளைப் புகுந்தவீட்டுக்கு அனுப்பிய தாய் கண்ணீர் உதிர்ப்பதைப் போல ஓசையின்றி இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தன. அவ்வேளையில், ஊரார் தமக்குள் பேசும் செருமானியக் கிளைமொழியான சிம்பிரியத்துக்கு அகராதி தொகுத்துவந்த ஒர்சோலா, அண்மையில் கணவன் பெர்த்தோவை இழந்த தன் தோழி இல்தாவின் வீட்டுக்குச் சோளக்களியும் பாலாடைக்கட்டியும் சுமந்து சென்றாள்.

அவள் நெஞ்சில் நெடுநாளாக ஒரு சொல் முள்ளெனத் தைத்திருந்தது. 'ஆர்ம்' என்னும் அவ்வுரிச்சொல், செருமானியக் குடிமொழிகள் பிரியாதிருந்த பழங்காலத்தில், உற்றாரின்றித் தனித்து நின்றவரைச் சுட்டிப் பிறந்தது என்பர். பின்னர் அது வறியவரைக் குறித்தது, இரங்கத்தக்கவரைக் குறித்தது, இவ்வூரிலோ, மறைந்தவர் பெயருக்கு முன் அன்போடு நின்றது. ஊரில் இன்று வழங்கும் மூன்று பொருளில், வறியவர், இரங்கத்தக்கவர் என்னும் முதலிரண்டுக்கும் எடுத்துக்காட்டாக ஊரார் வாய்மொழி கிடைத்திருந்தது. மறைந்தவரைச் சுட்டும் மூன்றாவதற்குக் கிடைக்கவில்லை. கேட்டு வாங்கிய சொல் செல்லாது. தானாக வரவேண்டும் என்பது அவள் தனக்கு வகுத்த நெறி.

இல்தா களியைக் கிளறிப் பார்த்தாள்.

"ஏண்டி, இது களியா, சுவருக்குப் பூசற சாந்தா?"

"பசிச்சா இறங்கும். தின்னு."

"என் ஆர்ம் பெர்த்தோ இருந்திருந்தா, இதைவெச்சே கூரை ஓட்டையை அடைச்சிருப்பாரு."

இருவரும் சிரித்தனர். சிரிப்பு அடங்குமுன்பே ஒர்சோலாவின் கை எழுதுகோலைத் தேடியது.

"இன்னொரு தடவை சொல்லேன், இல்தா. மெதுவா."

இல்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சொல்லை அவரு பேருக்கு முன்னாடி இன்னிக்குத்தான் முதல்முதலா வெச்சேன். இதுவரைக்கும் நாக்கு எழலை." தாளை எட்டிப் பார்த்து, "எழுதிட்டியா?" என்றாள்.

"எழுதிட்டேன்."

"அப்ப நீ வந்த வேலை முடிஞ்சுது."

அன்றிரவே ஒர்சோலா அச்சொல்லை எழுதிய தாளை அடுப்பிலிட்டாள். அகராதி அச்சேறியபோது மூன்றாம் பொருளுக்குக் கீழே எடுத்துக்காட்டு இல்லை. பனிக்காலந்தோறும் விடியுமுன் எழுந்து இல்தாவின் வாயிற்பனியை அவள் வாரி ஒதுக்குகிறாள். இல்தாவும் கதவைத் திறந்து, முகங்கோணாமல் நன்றி சொல்கிறாள். ஆனால் சிம்பிரியத்தில் அல்ல, வரிவாங்க வருவோரிடமும் வழிப்போக்கரிடமும் மட்டும் ஊரார் பேசும் இத்தாலிய மொழியில் சொல்கிறாள்.

சொல்லைக் காப்பது நற்செயலே. அதனினும் முந்தியது, சொல்லியவர் அழுது முடிக்கும் வரை அருகில் கைகட்டி அமர்ந்திருப்பது. இதை உணர்ந்தவளாய், மறுமொழி எதிர்பாராமல், ஒர்சோலா நாளையும் பனி வாரச் செல்வாள்.