அறுபத்திரண்டு தாள்கள்

"பினாயில் ஊத்துறதோட உன் வேலை முடிஞ்சுது. பிள்ளைங்க மனசுக்குள்ள எல்லாம் நீ எதுக்குப் போற?"

தலைமையாசிரியை கேட்டது கதவோரம் நின்றவளை. பதினோரு வருஷமாக அந்தப் பள்ளியின் கழிவறைகளைக் கழுவுகிறவள். ஆசிரியர்களுக்கு அவள் "ஏய், இங்க வா". பெண் பிள்ளைகளுக்கு மட்டும் பாத்ரூம் அக்கா.

விஷயம் இதுதான். இளம் பிள்ளைகளின் மனநலத்தையும், அதைக் கவனிக்க ஆள் போதுமா என்பதையும் ஆராய்கிறவர்கள், மேல் வகுப்புகளில் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். மனசு சரியில்லை என்றால் பள்ளியில் யாரிடம் சொல்வாய் என்பது கேள்வி. ஆசிரியர், ஆலோசகர், நர்ஸ் என்று வரிசையாக இருந்த கட்டங்களையெல்லாம் விட்டுவிட்டு, அறுபத்திரண்டு பிள்ளைகள் அடியில் எழுதி வைத்திருந்தார்கள்: பாத்ரூம் அக்கா.

ஆலோசகர் இல்லாத பள்ளியா என்ன? இருக்கிறார், மனநலம் படித்துப் பட்டம் வாங்கியவர். வருகைப் பதிவும் மதிப்பெண் பட்டியலும் தட்டச் சொல்லி அவரை ஆபீஸில் உட்கார்த்தி வைத்தது இதே தலைமையாசிரியைதான். அவருடைய அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டியாயிற்று. கேட்டால், ஆள் இருக்கிறார் என்று கணக்குக் காட்டுவார்கள். வெட்கக்கேடு!

போன மாதம் ஒரு பெண் கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, செத்துப்போகிறேன் என்று அழுதது. இவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, அது கதவைத் திறக்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆலோசகரிடம் ஓடினாள். பட்டியல் இன்றைக்கே போயாக வேண்டும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைமையாசிரியையிடம் போனால், வெளியே மூச்சு விடாதே, பள்ளியின் பேர் கெட்டுப்போகும் என்றார். கடைசியில் வேலை முடிந்ததும் இவளே அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போய், தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குக் கிடைத்த பரிசுதான் இந்த விசாரணை. அந்தத் தாள்களை ஆராய்கிறவர்களிடம் திருப்பிக் கொடுக்காமல், பிள்ளைகளுக்கு இன்றைக்கே புதுத் தாள் கொடுக்கப்படும். தன் பேரை எழுதக்கூடாது என்று அவளே வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்ல வேண்டும். மறுத்தால் வேலை இல்லை.

படுக்கையில் கிடக்கும் புருஷனும் படிக்கிற மகளும் அவள் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றாள்.

"என் பேரை எழுத வேணாமாம் கண்ணுங்களா. மத்தபடி நிஜத்தை எழுதுங்க."

மத்தியானம் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார்கள். புதுத் தாள்கள் மேஜைமேல் பரப்பிக் கிடந்தன. பிள்ளைகள் அவள் பேச்சைத் தட்டவில்லை, ஒரு தாளிலும் அவள் பேர் இல்லை. அறுபத்திரண்டு பேரும் "யாரும் இல்லை" என்று எழுதியிருந்தார்கள்.

தலைமையாசிரியைக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"இதை எப்படி வெளியில காட்டுறது? மறுபடி போய், ஆலோசகர்னு எழுதச் சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து நீ வராதே."

"போக மாட்டேம்மா," என்றாள் அவள். "என் பேரை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தாச்சு. இப்ப அதுங்க எழுதியிருக்கிறது உங்க பேரு."